வாவியில் போடாத கொப்பி

1998ஆம் ஆண்டு மார்ச் 9, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழும்பினேன். ஜெபித்தேன். தேநீர் குடித்தேன். ஏழரைக்குப் பயிற்சி நிலையத்தைத் திறந்து, மாணவர் வரவு இடாப்பை மேசையின் வலப்பக்கத்திலும் என் சொந்த நாட்குறிப்பை இடப்பக்கத்திலும் வைத்தேன். இரண்டுக்கும் கறுப்பு மட்டை. ஆறு வருடங்களாக அந்த ஒழுங்கு மாறியதில்லை.

எங்கள் நிலையம் வாழைச்சேனைப் பக்கம், வாவிக் கரையில் இருந்தது. கதிரவெளிக்கு உள்ளே காட்டோரம் வாழும் வேடர் குடும்பங்களின் பிள்ளைகள் பத்தொன்பது பேர் அங்கே தங்கித் தையலும் தச்சு வேலையும் படகு எஞ்சின் திருத்தமும் படித்தார்கள். பாடம் சொல்லிக் கொடுப்பது என் வேலையல்ல. அவர்களுக்கு வேண்டிய பத்திரங்கள், மருந்து, தங்குமிடம், பிறகு ஒரு தொழிலிடம் என்று பார்ப்பதே என் பொறுப்பு. அன்று பதினெட்டுப் பேருக்கு வரவு போட்டேன். பத்தொன்பதாவது ஆள் நல்லதம்பி. எங்கள் நிலையத்திலிருந்து சம்பளத்துக்குப் போன முதல் பிள்ளை. ஓட்டமாவடியில் எஞ்சின் பட்டறை வைத்திருந்த காசிம் காக்காவிடம் அன்றுதான் அவனுக்கு முதல் நாள்.

ஒன்பதே முக்காலுக்குக் காசிம் காக்கா இடுப்பில் ஈரச் சாரத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், உங்கட பொடியனப் பாலத்தடியில ஆமிக்காரங்க மறிச்சி வெச்சிரிக்காங்க."

"அடையாள அட்டை அவனிட்ட இருக்கே?"

"அட்டை இரிக்கி. பிறந்த திகதி கேட்டிரிக்காங்க. சூறாவளிக்கு மூணாம் நாள் எண்டிரிக்கான். அட்டையில உள்ள திகதி அவனுக்குத் தெரியா. கள்ள அட்டை எண்டு நினைக்கிறாங்க. பன்னெண்டு மணிக்கு லொறி வருமாம்."

பிழை என்னுடையது.

அந்தப் பிள்ளைகளில் எவருக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கவில்லை. முந்திய வருடம் நான் ஊர் ஊராகப் போய்த் தாய்மாரிடம் கேட்டேன். அவர்கள் திகதி சொல்லவில்லை. சூறாவளி, பெருவெள்ளம், தேன் அதிகம் கிடைத்த வருடம் என்று சொன்னார்கள். நான் கணக்குப் பார்த்துத் திகதியாக்கினேன். அனுமான வயதுச் சான்றிதழ் எடுத்தேன். அட்டைகள் வந்ததும் கையொப்பம் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்கு. ஒன்றை மட்டும் செய்யவில்லை. நான் எழுதிய திகதியை எந்தப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டவில்லை. திகதி என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்று இருந்துவிட்டேன். அவன் அட்டையைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருந்தான். அதைத் திறந்து பார்க்க அவனுக்கும் ஒரு காரணம் இருக்கவில்லை.

பாலத்தடியில் நிற்கும்வரை ஒருவனைத் தேடிப் போகலாம். லொறியில் ஏற்றிவிட்டால் எங்கே தேடுவது? அந்த வருடங்களில் எங்கள் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கறுப்பு மட்டைக் கொப்பியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பாதை மூடியிருந்தது. காக்காவின் தோணியில் ஏறினோம். எஞ்சின் இருந்தது, ஆனால் அவர் கம்பை எடுத்து ஊன்றினார்.

"இது வேலை செய்யாதா?" என்று கேட்டேன்.

"பட்டறைக்காரன்ட எஞ்சின் எந்த நாளில டீச்சர் வேலை செஞ்சது?"

வெயில் ஏறியும் வாவியின்மேல் வெண்புகை கலையவில்லை. நீர் எங்கே முடிந்தது, வானம் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. கரையோரச் சேற்றில் வளரும் கண்ணாக் காடு தரையில் வேரில்லாதது போல் மிதந்தது. கம்பு விழும் சத்தம் எங்கோ வேறொரு தோணியிலிருந்து வருவது போல் கேட்டது. நாங்கள் நகர்கிறோமா, கரைதான் நகர்கிறதா என்று எனக்கு விளங்கவில்லை. அதிகாரியிடம் காட்ட வேண்டிய பக்கத்தை எடுத்து வைப்போம் என்று கொப்பியைத் திறந்தேன். அது இடாப்பு அல்ல. என் நாட்குறிப்பு.

பிள்ளைகளின் ஊரும் பிறந்த திகதியும் முத்திரையோடும் கையொப்பத்தோடும் இருப்பது இடாப்பில். நாட்குறிப்பில் இருந்தது வேறு. எந்தப் பிள்ளை எந்தப் பாதையால் வந்தது, யாருடைய அண்ணனைக் காணவில்லை, யார் வீட்டில் இரவில் அழுதார்கள். இப்படியான கொப்பியோடு சோதனைச் சாவடிக்குப் போவது அவனுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து, மற்றப் பதினெட்டுப் பேருக்கும் ஆபத்து. திரும்பிப் போக நேரமில்லை. கொப்பியை வாவியில் போட்டுவிட வேண்டும் என்று கையை நீருக்கு மேலே நீட்டினேன்.

அப்போது ஜெபித்தேன். அழகான வார்த்தைகள் வரவில்லை. "ஆண்டவரே, நான் கவனமாக இருந்தும் பிழை விட்டுவிட்டேன். இனி நீர் பாரும்" என்றுதான் சொன்னேன். குரல் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் தோன்றவில்லை. நீர் மட்டும் மிகவும் அமைதியாக இருந்தது. என் கை தானாக மடிக்குத் திரும்பி வந்தது. கொப்பியும் கூடவே வந்தது.

காக்கா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க உங்கட மாதிரிக் கேளுங்க டீச்சர். நான் எங்கட மாதிரிக் கேக்கிறன். ஆருக்குக் கேட்டாலும் சரிதான்."

பாலத்தடியில் நல்லதம்பி தரையில் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். சிப்பாய்கள் விடவில்லை. அதிகாரி இளம் வயதுச் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசினார்.

"இவன் எங்க பிறந்தது?" என்று என்னைக் கேட்டார். திகதியைக் கேட்கவில்லை.

எனக்கு ஞாபகம் இல்லை. பத்தொன்பது தாய்மாரின் கதைகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. இடாப்பு கையில் இருந்திருந்தால் ஊரின் பெயரை மட்டும் சொல்லியிருப்பேன். நாட்குறிப்பைத் திறந்து அவன் தாயைச் சந்தித்த நாளைத் தேடி வாசித்தேன்.

"தாய் சொன்னது: சூறாவளிக்கு மூன்றாம் நாள். குடிசை போய்விட்டது. கரையில் கவிழ்ந்து கிடந்த தோணிக்குக் கீழே பிறந்தான். கொப்பூழ்க்கொடியை மட்டி ஓட்டால் அறுத்தார்கள். என் கணக்கு: 26.11.1978."

அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு நல்லதம்பியைப் பார்த்தார்.

"தோணி, மட்டி. காலையில இவனும் இதுதான் சொன்னது. நான் பொய் எண்டு நினைச்சேன்."

கொப்பிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த சிப்பாயைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். சிப்பாய் வாசித்து முடித்தார். அடுத்த பக்கத்தை எவரும் புரட்டவில்லை. கொப்பியை மூடி என்னிடமே தந்தார்.

"அவனுக்குத் திகதி சொல்லிக் குடுங்க" என்றார். பதினொன்று நாற்பதுக்கு விட்டார்கள்.

காக்கா நல்லதம்பியின் முதுகில் தட்டினார். "முதல் நாளே வேலைக்குப் பிந்திட்டாய். வா, ஒரு எஞ்சின் உனக்காகத்தான் பழுதாகிக் கிடக்கு."

சகோதர சகோதரிகளே, நான் எதையும் இடம்மாற்றி வைக்காதவள். அன்று மட்டும் தவறான கொப்பியை எடுத்தேன். சரியானதை எடுத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதைத் தற்செயல் என்று சொல்ல என்னால் முடியாது. அதன் பிறகு, ஒருவரைப் பற்றி நான் எழுதும் எதையும் அவருக்கு வாசித்துக் காட்டாமல் மூடுவதில்லை. உங்கள் ஒழுங்கும் கவனமும் முடிந்துபோன இடத்தில் நீங்கள் நின்றால், கையில் இருப்பது பயனற்றதாகத் தெரிந்தால், அதை எறிய முன் ஒரு தரம் ஆண்டவரிடம் கேளுங்கள். நான் கேட்டேன். அவர் கொடுத்தார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பத்தொன்பது பேரையும் மண்டபத்தில் இருத்தினேன். ஒவ்வொருவராக அழைத்து அவரவர் பிறந்த திகதியை வாசித்து, மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். தையல் படிக்கும் கனகி மூன்றாம் தரம் சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், அப்ப எனக்கு இருபத்திரெண்டா? அம்மா மாப்பிள்ளை வீட்டுக்குப் பத்தொம்பது எண்டெல்லுவா சொல்லியிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லதம்பி கடைசியாக எழும்பி நின்று, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான்: "ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டு, நவம்பர், இருபத்தாறு." மூன்று தரம் சொன்னான். நான் கேட்காமலே நான்காம் தரமும் சொன்னான்.

மண்டபத்தில் எந்த நாளும் முதலில் ஜெபம்தான். அன்று அது இரண்டாவது.