கொடி பிடித்த கையில் டேலி

கணக்கர் வேலை என்பது முதலாளிக்குப் பக்கத்து நாற்காலி. நானோ அதற்கு எதிரே நின்று கோஷம் போட்டவன். அந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் நூற்பாலையில் போனஸைக் குறைத்தார்கள். அடுத்து, ஏன் என்று கேட்டவர்களை இரவு ஷிப்டுக்குத் தள்ளினார்கள். அதற்கடுத்து, சங்கச் செயலாளர் இசக்கிமுத்துவாகிய என்னை வெளியே அனுப்பினார்கள். கடைசியாக ஆலையையே மூடிவிட்டு, அதற்கும் நானே காரணம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ஐம்பதைத் தாண்டி வேலை தேடும் தோழர்களே, இவற்றில் ஒன்றாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

தென்காசியில் எனக்கு வாட்ச்மேன் வேலைகூடக் கிடைக்கவில்லை. சங்கத்துக்கு வரவு செலவு எழுதிய பழக்கம் இருந்ததால், டேலி என்ற கணினிக் கணக்கும் ஜிஎஸ்டி வரிக் கணக்கும் படித்துச் சான்றிதழ் வாங்குவதென்று துணிந்தேன்.

முதல் வகுப்பு

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் வகுப்பு. நான் நுழைந்ததும் புது வாத்தியார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். கூட்டத்தைக் கண்டதும் என் கை தானாக மைக்கைத் தேடியது. அடக்கிக்கொண்டு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், நானும் படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவள் சொன்னாள்: “நல்லா உக்காருங்க அண்ணாச்சி. இனி மேடம் எங்கள மட்டும் திட்ட மாட்டாங்க.”

கூலி ஒரு செலவா?

பயிற்சிக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியின் கணக்கு தந்தார்கள். கூலியை எந்தத் தலைப்பில் வைப்பது என்று திரை கேட்டது. எல்லோரும் செலவில் வைத்தார்கள். பொருளைச் செய்கிறவன் செலவா? நான் சொத்தில் வைத்தேன். நஷ்டத்தில் கிடந்த கம்பெனி ஒரே நிமிடத்தில் லாபத்தில் மிதந்தது.

ஆசிரியை பாத்திமாவுக்கு என் மகள் வயது. உழைப்பைப் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரி அண்ணாச்சி. ஆனா நீங்க காட்டுத லாபத்தைப் பாத்துக் குதிக்கப்போறது முதலாளிதான்!”

நேர்காணல்

தேர்வில் தேறினேன். குற்றாலத்தில் ஒரு விடுதிக்குக் கணக்கர் வேண்டும் என்றார்கள். சாரல் தொடங்குகிற நேரம். விடுதி முதலாளி தங்கதுரை சான்றிதழைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “மில் வாசல்ல மைக் போட்டவரு நீருதான?”

“ஆமா” என்றேன். பொய் சொல்லி வேலை வாங்க மனம் வரவில்லை. இதுவும் போயிற்று என்று எழுந்தேன். போகிற போக்கில், “சீசன் ஆளுங்களுக்கு பி.எஃப். கட்டுதியளா?” என்று கேட்டேன்.

“ரெண்டு மாசத்துக்கு வாரவனுக்கு எதுக்குவே?”

“கட்டலன்னா அபராதம் வரும். மனு போடுததே நானாத்தான் இருப்பேன்.”

அவர் இரண்டு டீ கொண்டுவரச் சொன்னார். “வெளிய நின்னு மனு போடுத ஆளு உள்ள இருந்து சொன்னா எனக்கு லாபம்தாம்வே. உக்காரும்.”

சூடம்

சீசனுக்கு முன்னால் வேலையாட்கள் எல்லோரையும் பிள்ளையார் படத்தின் முன் நிறுத்தி, சூடம் ஏற்றி, யாருக்கு என்ன பொறுப்பு என்று வாசிப்பது அந்த விடுதி வழக்கம். பிறகு யாரும் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. சமையல்காரர்கள், அறை துடைப்பவர்கள், வாட்ச்மேன் எல்லோரும் நின்றார்கள். விரிப்பு துவைக்கும் செல்லம்மா என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: “ஏட்டி, இவரு மொதலாளி பக்கமா, நம்ம பக்கமா?”

வாழ்நாளெல்லாம் தெருவில் நின்று கேட்டும் கிடைக்காத பி.எஃப்.பை இனி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நானே பிடித்துக் கட்டப்போகிறேன் என்ற திருப்தியோடு சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, தங்கதுரை எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்: “கணக்கு, சம்பளம், பி.எஃப். எல்லாம், இசக்கிமுத்து! ஏதும் கொறஞ்சா மனு இவரு மேலதான்!”