நாற்பது மூச்சு

பானிங் அக்காவின் முழுப்பெயர் எபிஃபானியா. அது ஞானஸ்நானச் சான்றிதழில் மட்டும்தான் இருக்கிறது. பங்லாவ் தீவில் எங்கள் கரையில் பானிங் என்று கேட்டால்தான் கைநீட்டிக் காட்டுவார்கள். நாற்பத்தாறு வயது. மூச்சடக்கி முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் எங்கள் பள்ளியில் ரப்பர் உடைகளை அலசிக் காயப்போடுவது அவர் வேலை. வாய் ஓயாது. எந்த உடை கொரியாக்காரனுடையது, எது ஜெர்மன்காரியுடையது என்று மோந்து பார்த்தே சொல்வார். உள்ளேயே சிறுநீர் விட்டது யார் என்பதையும் சொல்லிவிடுவார்.

ஆனால் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டார். காரணம் ஊருக்கே தெரியும்.

அவர் கணவர் டோரிங் ஈட்டியால் மீன் குத்துகிறவர். பதினைந்து ஆள் ஆழத்துக்குச் சர்வசாதாரணமாகப் போய் வருவார். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில் இருவருக்கும் சண்டை. "போய்த் தொலை, திரும்பி வராதே" என்று அக்கா கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. மதியம் அவரைக் கண்டெடுத்தார்கள். படகுக்கு நேர் கீழே ஒரு பாறைத்திட்டு, வெறும் மூன்று ஆள் ஆழம். உடம்பில் கீறல் இல்லை, கயிறு சிக்கவில்லை, தூங்குகிறவர் மாதிரி முகம். பதினைந்து போகிறவன் மூன்றிலா சாவான்? மனம் வெறுத்துத் தானாகவே போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அக்காவின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவருக்கா தெரியாது?

போன வருடம், முக்குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளக் கடலில் போட்டிருக்கும் எங்கள் மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் செபு நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். மிதவையில் இருப்பவருக்கு ஐந்து மீட்டராவது இறங்கத் தெரிய வேண்டும், யாருக்காவது ஆபத்து என்றால் தூக்க வேண்டுமே. சம்பளம் இரண்டு மடங்கு. யாரும் எதிர்பார்க்கவில்லை, பானிங் அக்கா வந்து "நான் கத்துக்கறேன்" என்றார். கற்றுக்கொடுக்க வேண்டியவள் நான். எனக்குப் பொறுமை கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஓலைக் கொட்டகையில் பாய் விரித்தேன்.

"படுங்கக்கா. வயித்துல கை வைங்க. நாலு எண்ணி இழுங்க, எட்டு எண்ணி விடுங்க. தோள் அசையக் கூடாது, வயிறுதான் ஏறி இறங்கணும்."

"இதுக்காடி பிளேன் ஏறி வர்றானுங்க? என் பூனை தினமும் பண்ணுது இதை."

"பூனைக்குச் சர்டிபிகேட் எழுதிக் குடுத்துடறேன். வாயை மூடிக்கிட்டு விடுங்க."

இரண்டு நிமிடம் ஒழுங்காகச் செய்தார். கடலைக் கண்டால் விறைக்கும் அந்தத் தோள்கள்கூடத் தளர்ந்தன. "இப்ப வயிறு, அப்புறம் நெஞ்சு, நிறைய ஒரே ஒரு மூச்சு. அவ்வளவுதான், இறங்கலாம்" என்றேன்.

"இரு, அதுக்கு முன்னாடி பண்றது எனக்குத் தெரியும்" என்று எழுந்து உட்கார்ந்தார். நாய் இரைப்பது மாதிரி வேகவேகமாக இரைக்க ஆரம்பித்தார். விரல் மடக்கி எண்ணிக்கொண்டே.

"நிறுத்துங்க! யாரு சொல்லிக்குடுத்தது இந்தக் கண்றாவிய?"

"ஏன் கத்துற? டோரிங்தான். நாப்பது. நான் படகுல இருந்தா எண்ணிக்கிட்டே இருப்பேன். நாப்பது ஆனதும் முதுகுல ஒரு தட்டு தட்டுவேன், குதிப்பான்."

எட்டு வருடமாக வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறதை அன்றைக்கும் ஒப்பித்தேன்.

"இப்படி இரைச்சா காத்து ஒண்ணும் அதிகமாகாதுக்கா. மூச்சு முட்டும்போது உடம்பு 'மேல போ, மேல போ'ன்னு மணி அடிக்கும். அந்த மணிய இது அமுக்கிடும். கீழ இருக்கறவரைக்கும் நல்லாத்தான் இருக்கும். மேல வர்றப்போதான் கரண்ட் போன மாதிரி பொட்டுனு நினைவு போயிடும். பெரும்பாலும் கடைசி ரெண்டு மூணு ஆள் ஆழத்து…"

நாக்கு அங்கேயே நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. வருகிற வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தேனே, ஒரு நாளாவது டோரிங்கை நினைத்தேனா? ஊர் சொன்னதை நானும் நம்பிக்கொண்டு, பாவம் பானிங் என்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"மூணு ஆள் ஆழத்துலயா?"

"ஆமாக்கா."

"வலிக்குமா?"

"தெரியவே தெரியாது. தூக்கம்தான்."

"மேல வர்றப்போ?"

"மேல வர்றப்போதான்."

"அப்போ அவன் போகல, லிண்டா. வந்துக்கிட்டிருந்தான்."

அப்படியே குப்புறப் படுத்து அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி, "நாப்பதுன்னு எண்ணிக் குடுத்தவ நான்தானே?" என்றார்.

"எங்கப்பாவுக்கு நானும் எண்ணியிருக்கேன். இந்தக் கரையில எண்ணாத வீடு எது? அன்னிக்கு நீங்க படகுலயே இல்லையேக்கா."

மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, நாலு எண்ணி இழுக்கணும், அப்புறம்?" என்றார்.

பன்னிரண்டு நாளில் ஐந்து மீட்டர் இறங்கினார். இப்போது மிதவையில் அவர்தான். ஈட்டிக்காரர்கள் யாராவது படகில் உட்கார்ந்து இரைத்தால் கரையிலிருந்தே கல்லை எடுக்கிறார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் மூன்று பேர் இப்போது எங்கள் கொட்டகையில் வந்து பாயில் படுக்கிறார்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு ஊரே சோறு கட்டிக்கொண்டு போய்க் கல்லறையில் உட்கார்ந்திருக்கும். அக்கா மட்டும் வருடா வருடம் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் ஓடி வந்துவிடுவார். இந்தத் தடவை கருப்பட்டி போட்ட, ஒட்டும் அரிசிப் பணியாரம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். டோரிங்கின் கல்லறைமேலேயே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு துண்டு கொடுத்தார், தானும் ஒன்றைக் கடித்துக்கொண்டார். பிறகு சிமெண்டில் கையால் படார் என்று ஓர் அடி வைத்தார்.

"ஏன்யா, பாதிச் சண்டையிலயா எந்திரிச்சுப் போவே? இப்ப சொல்லு. நான் பால் ஊத்தி வளத்த பன்னிக்குட்டிய, கேவலம் ஒரு சேவலுக்குப் பந்தயம் வெப்பியா நீ?"