சப்பாத்துக்கு வெள்ளை பூசிய காட்சி

கிள்ளானில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்த சபாபதி ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. ஆனால் கடைத்தெருவில் அவரைப் பார்ப்பவர்கள், "என்னண்ணே, இன்னைக்கு எத்தனை போத்தல்?" என்றுதான் கேட்பார்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து ஒன்பது மலாய்ப் படங்களில் அவர் குடிகாரத் தமிழனாக வந்திருந்தார். ஒன்றில் சாக்கடையில் விழுவார். இன்னொன்றில் கோழியிடம் நியாயம் கேட்பார். பாத்திரத்துக்குப் பெயர்கூட இருக்காது. கொட்டகை மட்டும் சிரிப்பில் அதிரும்.

அந்தத் தள்ளாட்டமும் இழுத்துப் பேசும் பேச்சும் அவருடைய அப்பாவினுடையவை. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிய அப்பா, சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்தே செத்தவர். முதல் படத்துக்கு ஆள் எடுத்தபோது குடிகாரன் மாதிரி நடக்கச் சொன்னார்கள். சபாபதிக்கு நெருக்கமாகத் தெரிந்த குடிகாரர் அவர் ஒருவர்தான்.

ரவாங்கில் வாழ்க்கைப்பட்ட தங்கை தனலெட்சுமி, இரண்டாவது படத்தைப் பார்த்ததோடு அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளாத சபாபதிக்கு அவளை விட்டால் வேறு சொந்தமில்லை. ஆனாலும் நடிப்பை விட முடியவில்லை. அடுத்த படத்தில் ஒரு வாத்தியாராகவோ குமாஸ்தாவாகவோ கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு முறையும் நம்பினார்.

எண்பத்தாறில் பத்தாவது படத்துக்கு அழைப்பு வந்தது. துணை இயக்குநர் வாசு பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தமிழன். சபாபதி அவனைப் பார்த்துக் கேட்டார்.

"இதிலயும் குடிகாரன்தானா?"

"என்ன செய்றதுண்ணே? நம்ம ஆளுன்னா குடிகாரன், இல்லன்னா ஜாகா, கேட்டுல நிக்கிற காவக்காரன். கதையிலயே அப்படித்தான் எழுதிட்டு வராங்க லா."

"சரி, குடிகாரனாவே இருக்கட்டும். ஆனா நான் சொல்ற ஒரு சீன எடுப்பியா?"

சொன்னார். திங்கட்கிழமை காலையில் மட்டும் அப்பா குடிக்காமல் இருப்பார். வாசற்படியில் உட்கார்ந்து மகளின் பள்ளிச் சப்பாத்துக்கு, அந்தத் துணிக் காலணிக்கு, வெள்ளை பூசுவார். வலது கை நடுங்கும். மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூசுவார். "காயறதுக்குள்ள போட்டுடாத தாயி" என்பார்.

வாசு இயக்குநரிடம் மன்றாடி அனுமதி வாங்கினான்.

செமினி பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் படம் பிடித்தார்கள். முதல் தடவை போத்தல் கை நழுவி வெள்ளை முகமெல்லாம் தெறித்தது. இரண்டாவது தடவை எல்லாம் கூடி வந்தது. மகளாக நடித்த சிறுமி அழுதுவிட்டாள். இயக்குநர் எழுந்து வந்து சபாபதியின் தோளைத் தொட்டார்.

படம் வந்ததும் சபாபதி ரவாங்குக்கே போனார். "இதுல அப்பா மனுசனா வராரும்மா. ஒரு தடவ வந்து பாரு" என்று கெஞ்சினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு தனலெட்சுமி கிள்ளானுக்கு வந்தாள்.

மத்தியானக் காட்சி. கொட்டகை நிறைந்திருந்தது. வாசற்படி திரையில் வந்தபோது அவர் தங்கையின் பக்கம் லேசாகச் சாய்ந்தார். அந்த நொடியில் பின்னணி இசையில் எக்காளம் ஒன்று கோணலாக ஒலித்தது. வேகங்கூட்டி ஓட்டிய காட்சியில் நடுங்கும் கை படபடவென்று ஆடியது. போத்தல் கவிழ்ந்து முகத்தில் வெள்ளை தெறித்தது. நழுவிப்போன அந்த முதல் தடவையைத்தான் படத்தில் சேர்த்திருந்தார்கள். சிறுமியும் இல்லை, வசனமும் இல்லை. சுற்றிலும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் தனலெட்சுமி சொன்னாள்: "அப்பா எனக்குச் செஞ்ச நல்லது அது ஒண்ணுதாண்ணே. கட்டினவர்கிட்டகூட நான் சொன்னதில்ல."

"நல்லாத்தான் எடுத்தாங்க தனம். சத்தியமா..."

"அது எங்க?"

அவள் பஸ் ஏறினாள்.

"நீளமா இருக்குன்னு முதலாளிங்க வெட்டிட்டாங்க. இந்த ஆள் அழ வச்சா யாரு பாப்பான்னு கேட்டாங்கண்ணே" என்றான் வாசு, சபாபதி போய்க் கேட்டபோது. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அடுத்த படத்துக்கும் வரச் சொன்னான். சபாபதி மறுத்துவிட்டார். பத்தே நாளில் வேறொருவர் கிடைத்தார். அந்தப் படமும் நன்றாகவே ஓடியது.

தனலெட்சுமி அதன் பிறகு வரவில்லை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விருந்துக்கும் வரவில்லை. இரண்டு கடிதம் போட்டார், பதில் இல்லை. தொலைக்காட்சியில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சப்பாத்துக் காட்சி வரும் படத்தைப் போடுவார்கள். அன்றைக்குச் சபாபதி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே நடக்கக் கிளம்புவார். எந்தத் தெருவில் திரும்பினாலும் திறந்த ஜன்னல்களில் அதே எக்காளம் கேட்கும். வீட்டுக்கு வீடு சிரிப்பார்கள்.