குப்பைச் சிலைக்குப் போட்ட சேட்

குப்பை அள்ளுகிறவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும், குப்பையிலேயே ஒரு சிலை செய்து தா என்று எங்கள் ஊர்ச் சபையில் கேட்டார்கள். நான் கோயில் தேருக்கும் கடைப் பலகைக்கும் வர்ணம் அடிக்கிறவன். என் வாய் சும்மா கிடக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டது.

ஊர்க் குப்பையை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக் காட்டோர மேட்டில் கொட்டுகிற அக்காவை மனதில் வைத்துத்தான் செய்தேன். அக்காவின் தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறினவர்கள். போத்தல் மூடிகளில் முகம், ரயர்த் துண்டில் கொண்டை. கம்பி கட்டிப் பொலித்தீன் திணித்து, அக்கா வேலைக்குப் போட்டுக் கிழிந்த சேட் ஒன்றையும் கேட்டு வாங்கி மாட்டினேன். அச்சொட்டாக அவரேதான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மேட்டுக்குத் தனியன் யானை ஒன்று வந்துபோகும். அக்கா யானை என்று வாயால் சொல்லமாட்டார், பெரியவர் என்பார். போன மாரியில் அது வழியை மறித்து நின்றபோது அக்கா எறிந்த யானைவெடி அதன் தும்பிக்கைக்குப் பக்கத்தில் வெடித்துவிட்டது. அன்றிலிருந்து மற்ற ஆட்களைக் கண்டால் விலகிப் போகிறது, அக்காவைக் கண்டால் நிற்கிறது என்று ட்ரக்டர் ஓட்டுகிறவர் சொன்னார். மின்சார வேலி கேட்டு அலைந்து அக்காவுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். வேலிக்கு வழியில்லாத சபை சிலைக்கு மட்டும் ஓடி வந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

விழாவன்று சிலையை மேட்டு வாசலில் நிறுத்தி, கழுத்தில் மாலை போட்டுக் கைதட்டினார்கள். உயிரோடு இருக்கிற ஆளின் உருவத்துக்கு மாலை போட்டு வைக்கிறார்களே என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். அவர்கள் போனதும் தானே அதைக் கழற்றிப் பக்கத்துக் கட்டையில் கொழுவினார்.

விடிய வேலைக்குப் போனவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். குப்பையோடு வந்து வாசலில் கிடந்த மிச்சச் சோற்றுப் பைகளை யானை தொடவில்லை. மாலை கட்டையிலேயே தொங்கியது. சிலை மட்டும் நிலத்தோடு நிலமாக மிதிபட்டுக் கிடந்தது. சேட்டைக் காணவில்லை. தேடிப் போனோம். காட்டுக்குள் இறங்குகிற தடத்தில் நார் நாராகக் கிடந்தது.

வேலையை விட்டால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரிந்ததால், இனி வரவேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

“தம்பி, உங்கட பழைய சேட் ஒண்டு இருந்தாத் தாங்கோ,” என்றார் அக்கா. “பெரியவருக்கு என்ர மணம் தெரியும்.”

அன்றே கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு மேட்டுக்குள் போனார். கொஞ்ச நாள் யானையின் சிலமன் இல்லை, எனக்கும் நித்திரை வந்தது. சபையில் இன்னொரு சிலை கேட்டார்கள். முதலில் வேலியைப் போடுங்கோ என்று ஏசி அனுப்பினேன். வேலி இன்னும் வரவில்லை.

போன கிழமை அக்கா எங்கள் படலையில் வந்து நின்றார். என் சேட்டைத் தோய்த்து மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“எத்தினை தரம் தோய்ச்சும் போகுதில்லைத் தம்பி, இதிலையும் என்ர மணம் ஏறீட்டுது. நேற்றுப் பெரியவர் வாசலில வந்து நிண்டவர். வேறை ஒண்டு இருக்கோ?”

அலுமாரியில் இருந்த சேட்டுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து நீட்டினேன். அக்கா ஒன்றை மட்டும் எடுத்தார். மற்றவை பிறகு தேவைப்படும், வைத்திருங்கோ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.