கள்ளியில் எழுதிப் பழகியவள்

குறைமாதத்தில் பிறந்தும் அண்ணன்மாரைவிட உயரமாக வளர்ந்தது, காட்டுப்பன்றியை ஒற்றை ஆளாக விரட்டிக் குட்டியை மீட்டது, புருஷன் போன பிறகு ஒரு நொண்டி ஆட்டிலிருந்து பட்டி நிறைய ஆடுகளைப் பெருக்கியது, திராட்சைத் தோட்டத்துக்காரரோடு மல்லுக்கு நின்று கரட்டுக்குப் போகும் பாதையைத் திறக்கவைத்தது. அனுசுயா ஜெயித்தவற்றை அவள் அக்கா பவுனு இந்த வரிசையில்தான் சொல்வாள். நடுவில் யாராவது பேசினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அனுசுயாவுக்கு இவையெல்லாம் பெரிதில்லை. தன் பேரைத் தானே எழுத வேண்டும் என்பதுதான் நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இருந்த ஆசை.

"ஆட்டுக்குத்தேன் மை வச்சு அடையாளம் போடுவாக. என் வெரல்லயும் மை தடவுனா நான் என்ன ஆடாக்கா?"

எட்டாவது வரை படித்த பவுனு, ஒரு நோட்டு வாங்கி முதல் வரியில் அ, னு, சு, யா என்று நாலு எழுத்தையும் அழுத்தி எழுதிக் கொடுத்தாள். மேய்க்கப் போன இடத்தில் வெள்ளாடு அதைத் தின்றது. அடுத்த நோட்டையும் தின்றது.

"ஒன் ஆடு பத்தாவது பாஸாயிரும் போலடி" என்றாள் பவுனு.

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே இருக்கும் அந்தக் கரட்டில் பாறை அதிகம், மண் கொஞ்சம். புல் கருகிப்போகும் கோடையிலும் சதுரக்கள்ளி மட்டும் பச்சை மாறாமல், ஆளுயரத்துக்குப் புதர் புதராக நிற்கும். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதுமில்லை. அதன் மேல் பிரண்டை படர்ந்திருக்கும். அடியில் கௌதாரி முட்டையிடும். ஆடு மட்டும் வாய் வைக்காது. பால் பட்டால் நாக்கு பொத்துப்போகும்.

அனுசுயா யோசித்தாள். ஆடு தின்னாத நோட்டு அந்தக் கரடு முழுக்க நின்றது.

அன்றிலிருந்து ஆடுகளை மேய விட்டுவிட்டுக் கள்ளியின் முன்னால் குந்திக்கொள்வாள். கருவேல முள்ளால் தண்டில் கீறுவாள். கீறிய தடத்தில் பால் பொட்டுப் பொட்டாகக் கசிந்து எழுத்து வெள்ளையாக எழும். முள்ளை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த தண்டுக்குப் போவாள். சில நாளில் பழைய எழுத்துகள் பழுப்புத் தழும்பாகிவிடும். 'அ' மூன்று புதர்களில் கோணலாக நின்றது. 'னு' ஒரு புதரிலேயே தேறிவிட்டது.

மாசியில் ஒரு நாள், 'சு'வைச் சுழித்து முடிக்கும்போது பால் கண்ணில் தெறித்தது. அவள் பதறவில்லை. கொண்டுபோயிருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினாள். அதுவரை சரி. பிறகு முகத்தைத் துடைத்தாள், முள் துடைத்த அதே முந்தானையால். இரண்டு கண்ணும் எரிந்து மூடிக்கொண்டன. நொண்டி ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அது நடந்த வழியே வீடு வந்து சேர்ந்தாள்.

பவுனு அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கருவிழி புண்ணாகியிருக்கிறது, மருந்து விட்டுப் பார்க்கலாம், பார்வையைப் பற்றிப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பவுனு அங்கேயே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வேளை தவறாமல் சொட்டு விட்டாள்.

"கண்ணு வராட்டி ஆடுக என்னாகும்க்கா?"

"நான் மேச்சுக்கிர்றேன்."

"நீயா? ஒன்னையத்தேன் ஆடு மேய்க்கும்."

சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "யா மட்டுந்தேன் பாக்கி இருந்துச்சு" என்றாள்.

பவுனு கட்டில் பக்கம் நகர்ந்து வந்தாள். தங்கையின் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் 'யா' போட்டாள். கட்டுப் போட்ட கண்ணோடு அனுசுயா அதை அக்காவின் கையில் திருப்பிப் போட்டாள்.

"கால இன்னும் கீழ இழு" என்றாள் பவுனு.

கட்டை அவிழ்த்த அன்று, கண் சோதிக்கும் பெண் ஷாஜியா, படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டையை எடுத்தாள்.

"அது வேணாம்மா. அங்கன எழுத்து அட்டை தொங்குதுல்ல, அதக் கேளு."

ஷாஜியா குச்சியை மேல் வரியில் வைத்தாள். பவுனு சுவரோரம் நின்றபடி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அனுசுயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மூணாவது அ. மத்ததெல்லாம் பளிச்சுன்னு தெரியுது தாயி. என்ன எழுத்துன்னுதேன் தெரியல."

"கடைசி வரி?"

"பொடிசா இருக்கு. வரிசைல நாலு பேரு நிக்கிறாக. எனக்குப் பழக்கமில்லாத ஆளுக."

ஷாஜியா குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்றார். பவுனுவுக்கு அப்போதுதான் கால் வலித்தது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் தாளில் கைநாட்டு வைக்க மைப்பெட்டி வந்தது. அனுசுயா அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ஷாஜியாவின் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். நாலு எழுத்து. 'யா'வின் கால் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. பவுனு எழுந்து வந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, தங்கையின் கையெழுத்துக்குக் கீழே தேதியைத் தானே போட்டாள். 14.3.2023, செவ்வாய்க்கிழமை.