தெய்வநாயகி சிஸ்டர் இடுப்பில் கட்டிய வேட்டி

ஆரணியில் ஒரு சேதி புறப்பட்டால் பஸ்ஸுக்கு முன்னால் சேத்துப்பட்டு போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப் போன சேதி இது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தெய்வநாயகி சிஸ்டர், காலேஜ் போகிற மகளை வைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து வயதில் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள்.

கிளப்பிவிட்டது வார்டு கூட்டும் அபிதகுசாம்பாள். அவள் கண் மேல் குற்றமில்லை. சிஸ்டரின் வெள்ளைக் கோட்டுக்குள் வயிறு மேடாகத்தான் இருந்தது. இடுப்பில் கை ஊன்றிப் பின்னால் சாய்ந்துதான் நடந்தாள். கீழே விழுந்த பேனாவைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. பார்த்ததெல்லாம் நிஜம், வாய்க்கு வந்தபோதுதான் கோணிப்போனது. உள்ளே நடந்ததை இப்போது கேளுங்கள்.

கனத்த உடம்புகளைக் கட்டிலிலிருந்து ட்ரோலிக்கும் ட்ரோலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றியே தெய்வநாயகிக்கு வயதாகிவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புண் வராமல் புரட்டிப் போடுவதும் அவள்தான். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவரைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ அறுந்தாற்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டூட்டியை முடித்தாள். வெளியே சொல்லவில்லை. இதே மாதிரி இடுப்பு போன ரோஸி சிஸ்டர் முன்பு வெளியே சொன்னாள். "ரெஸ்ட் எடுத்துக்கம்மா" என்று அன்பாக அனுப்பினார்கள். இன்றுவரை திரும்பக் கூப்பிடவில்லை.

வீட்டுக்காரர் பலராமனுக்குப் பட்டுத்தறி. நெய்யப் பாவு நூல் வந்தால் வேலை, வராவிட்டால் சும்மா. வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். இடுப்புக்கு பெல்ட் வாங்கலாமென்றால் மெடிக்கல் ஷாப்பில் நிற்பதெல்லாம் தெரிந்த முகம். தறிக்குழியில் குனிந்தே உட்காருகிறவர்கள் இடுப்பு பிடித்துக்கொண்டால் பழைய வேட்டியை மடித்து இறுக்கிச் சுற்றுவார்கள். பலராமன் அதையே அவளுக்கும் தினம் காலையில் சுற்றிவிட்டார்.

ஒருநாள் மேட்ரன் ஜாக்குலின் மேடம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"என்னா தெய்வா, எங்கிட்ட கூட மறைக்கிறியே. எத்தினி மாசம்?"

தெய்வநாயகி தலை குனிந்தாள்.

"வெக்கத்தப் பாரு. இனிமே பேஷண்டத் தூக்கக் கூடாது நீ. ஊசி, மாத்திரையோட நில்லு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அழாமல் வீடு வந்தாள்.

பலராமன் பாடுதான் பேஜாராகிப் போனது.

"தெருவுல தல காட்ட முடியல. டீக்கட அன்பழகன், சக்கர தூக்கலா போட்டு 'புது அப்பாவுக்கு'ன்னு நீட்றான்."

"குடிச்சிட்டு வாங்க."

"ஆறாவது மாசம், ஏழாவது மாசம்னு போனா என்னாடி பண்ணுவ?"

"அதுக்குள்ள இடுப்பு சரியாயிடும்."

சரியாகவில்லை. ராத்திரியில் புரண்டு படுக்க மகள் பிடித்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது. செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. மலையாய்க் கிடந்த நோயாளிகளை வருஷக்கணக்காகப் புரட்டியவள், தன் ஒரு உடம்பைப் புரட்ட வழியில்லாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் மனசார மாதம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் சாப்பிட டூட்டி ரூமுக்குள் நுழைந்தால், புளிசாதம், எலுமிச்சை சாதம், தட்டு நிறைய கண்ணாடி வளையல். நடுவில் கோலம் போட்டு, தரையோடு தரையாக ஒரு மணை.

"வளகாப்புக்கா. உக்காருங்க" என்றாள் சின்ன நர்ஸ் ஹேமலதா.

தெய்வநாயகி மணையைப் பார்த்தாள். உட்கார்ந்தால் எழ முடியாது.

"நின்னுகினே போட்டுக்கிறேனே."

"நின்னுகினு எவளாவது வளகாப்பு பண்ணிக்குவாளா?" மேட்ரன் பாசத்தோடு தோளை அழுத்தினார்.

உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். இரண்டு கையிலும் வளையல் ஏறியது. அபிதகுசாம்பாள் குலவையே போட்டாள். அந்த நேரம் பார்த்து வார்டில் பெல் அடிக்க, எல்லோரும் எழுந்தார்கள்.

"எழுந்திரு தெய்வா, உன் பெட்டுதான்."

கையை ஊன்றினாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி ஊன்றினாள். வளையல் இரண்டு உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது.

"ஐயோ, புள்ளைக்கு என்னாவோ ஆயிடிச்சி" என்று அபிதகுசாம்பாள் கத்த, மேட்ரன் முகம் வெளுத்துப்போனது. "டாக்டரம்மாவ ஜல்தியா கூப்புடுங்கடி."

தெய்வநாயகி கோட்டுப் பொத்தானை அவிழ்த்தாள். வேட்டி முனையைப் பிடித்து இழுத்து, சுற்றுச் சுற்றாக மடியில் போட்டாள்.

"டாக்டரம்மா வாணாம் மேடம். புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பேஷண்டுங்கள தூக்கித் தூக்கி இடுப்பு போயிடிச்சி எனக்கு. சொன்னா ரோஸிய அனுப்புனாப்புல அனுப்பிடுவீங்கன்னுதான் வாய மூடிகினு இருந்தேன்."