தராசு சொன்ன தீர்ப்பு

எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்து நூலகர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. யார் கேட்டாலும் ஒரே பதில், யாருக்கும் சலுகை கிடையாது. தீர்ப்புகளைக் கணினியில் தேடித் தரும் தளங்கள் அப்போதுதான் தலைகாட்டின. இரண்டு கம்பெனிகள் வந்து நின்றன. எதை வாங்கலாம் என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலையைப் பெரியவர் தராசிடம் கொடுத்தார். பெரியவர் என்றால் எங்கள் முதலாளி, மூத்த வழக்கறிஞர்.

வினை எங்கே வந்தது என்றால், ஒரு தளத்தை விற்க வந்தவர் தராசின் தங்கை கணவர்.

தங்கை போனில் அழுதாள். "அக்கா, இந்த ஆர்டர் கிடைக்கலைன்னா அவர் வேலையே போயிடும். கொஞ்சம் பாத்து செய்க்கா."

"பாத்துதாண்டி செய்யப்போறேன்."

பெரியவர் அறையில் சோதனை. டைப்பிஸ்ட் என்ற முறையில் நானும் இருந்தேன். தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு கீச்சுக்கீச்சென்று கத்தி ஒருவழியாகக் கிடைத்தது. விடை தெரிந்த வழக்காக இருந்தால்தானே சரிபார்க்க முடியும்? தராசு தனக்கு மனப்பாடமான ஒன்றைத் தேடினார்: பெரியவர் மண்ணைக் கவ்விய குத்தகை வழக்கு! அடக் கடவுளே, வேறு வழக்கே கிடைக்கவில்லையா இந்த அம்மாவுக்கு?

மாப்பிள்ளையின் தளம் அப்படி ஒரு வழக்கே இல்லை என்றது. மற்றது முதல் வரியிலேயே கொண்டுவந்து நிறுத்தியது, நீதிபதி பெரியவரைக் கடிந்துகொண்ட பத்தியோடு.

"ரெண்டாவதுதாங்க ஐயா நல்லது," என்றார் தராசு.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல கண்ட குப்பையும் வருதேம்மா. முதல்ல பாத்ததுதான் சுத்தமா இருக்கு. அதையே வாங்கிடுவோம்."

அவ்வளவுதான், அலுவலகம் முழுக்க ஒரே பேச்சு. "தராசும் சாஞ்சிடுச்சு பாத்தியா!" நடந்ததை நான் தொண்டை கிழியச் சொன்னேன். "நீ அந்தம்மாவோட சிநேகிதிதானே," என்று சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் தங்கை அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னை விட்டுக்கொடுக்கலையேக்கா!"

தராசு என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார், எனக்குத் தெரியும். தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"உன்னைப் போய் விட்டுக்கொடுப்பேனாடி?"

அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.